நான்கு நாள் உள்ளூர்க்காரி

1

பதினோரு வருடங்களுக்கு முன்னால் வேலைக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ‘தெரிந்த மொழிகள்’ என்ற கட்டத்தில் மூன்று வரிகள் எழுதினேன். ஆங்கிலம்: சரளம். தமிழ்: சரளம். மலாய்: சரளம். மூன்றாவது வரியையும் அதே வேகத்தில் எழுதினேன். ஸ்காட்லாந்தில், டண்டீ என்ற ஊரில், மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் நிறுவனத்தில் என் மலாயை யார் சோதிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் இருந்தார். இருபத்திரண்டு வயதில் செவிலியர் படிப்புக்காக டண்டீக்குப் போனேன். படித்து முடித்து அங்கேயே வேலை, ஆலன் என்ற ஸ்காட்லாந்துக்காரருடன் கல்யாணம், ஒரு மகள். இப்போது வயது ஐம்பது. நோயாளியைத் தூக்காமலேயே புரட்டிக் கொடுக்கும் கட்டில்களை எப்படி இயக்குவது என்று செவிலியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. டண்டீக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஸ்காட்லாந்திலேயே வெயில் அதிகம் அடிக்கும் ஊர் எங்களுடையதுதான் என்பார்கள். பெரும்பாலும் அதைக் குடைக்குள் நின்றபடி சொல்வார்கள்.

இந்த வருடம் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை எங்கள் கட்டில்களை வாங்கியது. என் மேலாளர் எங்கிருந்தோ என் பழைய படிவத்தைத் தேடி எடுத்துவிட்டாள். நான்கு நாள் பயணம். கட்டில்களைப் பொருத்த கிரெக் வருவார், பயிற்சி கொடுக்க நீ போ, அவருக்கு அந்த ஊர் தெரியாது, நீ உள்ளூர்க்காரி ஆயிற்றே, ஓய்வு நேரத்தில் அவருக்குச் சுற்றிக் காட்டு என்றாள்.

ஆமாம், உள்ளூர்க்காரிதான் என்றேன்.

கிள்ளான்காரர்கள் இதைப் படித்துச் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அந்தக் காலத்தில் நம்மில் எத்தனை பேர் கேஎல்லை, அதாவது கோலாலம்பூரை, சுற்றிப் பார்த்தோம்? எனக்குத் தெரிந்த கேஎல் எல்லாம் வரிசைகள்தான். பாஸ்போர்ட் வாங்க ஒரு வரிசை, சான்றிதழில் முத்திரை வாங்க ஒரு வரிசை, விசாவுக்கு ஒரு வரிசை. காலையில் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று, முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் கிள்ளானுக்குத் திரும்பிவிடுவேன். இருபத்தெட்டு வருடங்களாக ஸ்காட்லாந்தில் நான் பீற்றிக்கொண்ட மாநகரத்தில் எனக்கு உண்மையில் தெரிந்தவை மூன்று கவுன்டர்களும் ஒரு பஸ் நிலையமும்.

2

விமானத்திலிருந்து இறங்கியதும் கால்கள் தாமாகவே மலேசியர் வரிசைக்குப் போய்விட்டன. காவலர் ஒருவர் என் கையிலிருந்த, மலேசியச் சிவப்பில்லாத பாஸ்போர்ட்டைப் பார்த்து, அக்கா, அந்தப் பக்கம் என்று பணிவாகக் காட்டினார். வெளிநாட்டவர் வரிசையில் கிரெக் ஏற்கெனவே நின்றிருந்தார். தொப்பி, கழுத்து வரை வெயில் களிம்பு, முட்டி வரை காலுறை. ஏன் அங்கே போனாய் என்று கேட்டார். கழிப்பறை தேடினேன் என்றேன். நான்கு நாளில் நான் சொன்ன முதல் பொய் அது. கணக்கு அங்கேதான் தொடங்கியது.

மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மகள் பிறந்த பிறகு ஒருநாள் லண்டனுக்குப் போய், தூதரகத்தில் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தேன். அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். படிவத்தில் காரணம் எழுத ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். ‘கணவர், குடும்பம்’ என்று எழுதினேன். இடம் மிச்சம் இருந்தது.

குடிநுழைவு கவுன்டரில் இருந்த இளம்பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, பிறந்த இடம் கிள்ளானா என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன். ஊரை விட்டுப் போய் எத்தனை வருடம் ஆயிற்று என்றாள். இருபத்தெட்டு என்று மலாயிலேயே சரியாகச் சொன்னேன். அவள் சிரித்து, நல்வரவு சொல்லி, சுற்றுலாப் பயணிக்கான அனுமதியைக் கொடுத்தாள். என் மலாய் அப்படியே இருக்கிறது என்ற திமிர் எனக்குள் ஏறியது அந்த நிமிடத்தில்தான். இருபத்தெட்டு என்ற எண்ணைச் சரியாகச் சொன்னதற்கே அவ்வளவு திமிர்.

3

கிரெக்கிடம் மட்டுமல்ல, இன்னொருவரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

கிள்ளானில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். லூர்து அக்கா. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா அம்மா இருந்த வீட்டிலேயே இருக்கிறாள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறாள். நான் கேஎல் வரும் செய்தியை அவளிடம் சொல்லவில்லை. ஒரு மணி நேரத் தூரத்தில் நான்கு நாள் தங்கிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடுவது என் திட்டம்.

காரணம் ஆலன். இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் பிரிந்துவிட்டோம். சண்டை, துரோகம், அப்படி எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஒரு வீட்டுக்குள் அது போதவில்லை. வீட்டை விற்றோம். அவர் வடக்கே இன்வர்னஸுக்குப் போய்விட்டார். நான் ஒற்றைப் படுக்கையறை உள்ள மாடி வீட்டுக்கு மாறினேன். மகள் அனா கிளாஸ்கோவில் படிக்கிறாள். நான் பத்து வரி அனுப்பினால் அவள் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்புவாள்.

அக்காவுடன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ அழைப்பு. ஆலன் எங்கே என்று அவள் கேட்பாள். தோட்டத்தில் இருக்கிறார் என்பேன். அந்த வகையில் ஆலன் இரண்டு வருடமாகத் தோட்டத்திலேயே இருந்தார். பனிக்காலத்தில் மட்டும் கடைக்குப் போனார். அக்கா டண்டீக்கு வர மூன்று முறை ஆசைப்பட்டாள். முதல் முறை வீட்டில் மராமத்து வேலை என்றேன். இரண்டாவது முறை குளிர் தாங்கமாட்டாய் என்றேன். மூன்றாவது முறை என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

ஒளித்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெள்ளைக்காரனை, அதுவும் கத்தோலிக்கன் இல்லாத ஒருவனைக் கட்டுவதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. எட்டு மாதம் என்னுடன் பேசவில்லை. அப்போது அக்காதான் அவர் முன்னால் நின்று, அவள் நன்றாக வாழ்வாள், இதற்கு நான் பொறுப்பு என்றாள். தன் கல்யாணத்துக்காகக்கூட அப்பாவிடம் வாய் திறக்காதவள். இருபத்தாறு வருடங்களுக்கு முன் எனக்காக அவள் கொடுத்த வாக்கு அது. அதை நான் உடைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? தோட்டம் சுலபமாக இருந்தது.

4

எங்களை நகரின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்க வைத்தார்கள். கூரையில் நீச்சல் குளம். குளத்து நீரில் நின்றபடியே இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கலாம். மாலை வெயிலில் அது வெள்ளிப் பாத்திரம் தேய்த்து வைத்ததுபோல மின்னியது. கிரெக் பார்த்து வாயடைத்துப் போனார். நானும்தான். ஆனால் உள்ளூர்க்காரி வாயடைக்கக் கூடாதே, அதனால் பழகியவள்போலத் தலையை ஆட்டினேன்.

சற்றுத் தள்ளி இன்னும் உயரமாக, ஊசிபோல ஒரு கட்டடம் நின்றது. அது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் போகும்போது அது இல்லை. வங்கி என்றேன். அடுத்ததைக் காட்டினார். அதுவும் வங்கி. ஐந்தாவது கட்டடத்தை வங்கி என்று சொன்னபோது, உங்கள் ஊரில் நிறைய வங்கிகள் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்து அவரை மோனோரயிலில் கூட்டிப்போனேன். எதிர்த்திசையில் ஏறிவிட்டோம். கிரெக் கைபேசியைப் பார்த்துவிட்டு, நாம் திரும்பிப் போகிறோமோ என்று மெதுவாகக் கேட்டார். இந்த வழியில் காட்சி நன்றாக இருக்கும் என்றேன். கடைசி நிறுத்தம் வரை போய் அதே ரயிலில் திரும்பி வந்தோம். பழைய பஸ் நிலையம் பக்கம் நடந்தபோது, இங்கேதான் நான் பாஸ்போர்ட்டுக்கு நின்றேன் என்று ஒரு மூலையைக் காட்டினேன். அங்கே பெரிய அங்காடி ஒன்று இருந்தது. அவர் அந்த மூலையையும் படம் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

இரவுச் சந்தை, குரங்குகள் ஏறி விளையாடும் படிகள், ஆற்றங்கரையில் நீல விளக்குகள் எல்லாவற்றையும் அவர்தான் கைபேசியில் கண்டுபிடித்தார். நான் பின்னால் நடந்தேன். கடைக்காரர்கள் அவரை ‘பாஸ்’ என்று கூப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைக்குள் அவரும் எல்லோரையும் பாஸ் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். ‘போதும் பாஸ்’, ‘நன்றி பாஸ்’. எங்கள் ஊரில் எல்லோரும் பேச்சோடு ஒட்டும் ‘லா’வை நான் எந்த வாக்கியத்தில் போட்டாலும் அது தப்பான இடத்தில் விழுந்தது. இருபத்தெட்டு வருடம் டண்டீயில் ‘லா’ போடாமல் இருந்ததற்கு அது என்னைப் பழிவாங்கியது.

5

செவ்வாய்க்கிழமை காலை கட்டில்களை முறைப்படி ஒப்படைக்கும் விழா. மருத்துவமனை அரங்கில் இயக்குநர், மருத்துவர்கள், ஐம்பது அறுபது செவிலியர்கள். தொகுத்து வழங்கிய அதிகாரி என்னைக் காட்டி, புவான் (திருமதி) ரெஜினா நம் கிள்ளான் பெண்தான், மலாயில் இரண்டு வார்த்தை பேசுவார் என்று திடீரென்று அறிவித்துவிட்டார். கிரெக் பெருமையோடு கைதட்டினார்.

மலாயில் அலுவலகத்துக்கு ‘பெஜாபாட்’ என்று பெயர். ‘பென்ஜாஹாட்’ என்றால் கெட்டவன், குற்றவாளி. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் படித்திருக்கிறேன். அன்று மேடையில் என் நாக்குக்கு ஒன்றுதான் கிடைத்தது. உங்கள் அலுவலகத்துக்கு வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, இயக்குநரைப் பார்த்துப் பணிவாகக் குனிந்து, உங்கள் குற்றவாளியிடம் வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி என்றேன்.

அரங்கம் சிரித்தது. நான் நன்றாகப் பேசுகிறேன்போல என்று தோன்றியது. உற்சாகமாகி, இந்தக் குற்றவாளி மிகவும் பெரியவர், மிகவும் சுத்தமானவர், இப்படி ஒரு குற்றவாளியை ஸ்காட்லாந்தில் நான் பார்த்ததே இல்லை என்று தொடர்ந்தேன். செவிலியர்கள் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கீழே இறங்கியதும் புவனா என்ற தமிழ்ச் செவிலியர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு மனசு கேட்கவில்லை. பரவால்ல லா அக்கா, எங்க டைரக்டர் இப்படிச் சிரிச்சு நாங்க பார்த்ததே இல்ல என்றாள். கட்டில்களைப் பற்றி அன்று முழுக்க யாரும் ஒரு புகாரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

6

புதன்கிழமை மதியத்தோடு பயிற்சி முடிந்தது. கிரெக்கைத் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். அங்கேயாவது நான் ஆள் என்ற நம்பிக்கை. வாழையிலைக் கடையில் பரிமாறிய பையனிடம் தமிழில் பேசினேன். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். நான் மறுபடி தமிழில் கேட்டேன். அவன் மறுபடி ஆங்கிலத்திலேயே சொன்னான். வெளியே பூக்கடை ஆன்டி, கிரெக்கின் மனைவிக்கு எப்படி எடுத்துப் போவது என்று விளக்கியபடியே மல்லிகைச் சரத்தைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, நீங்க எந்த ஊரு, சிலோனா என்று கேட்டார். கிள்ளான் என்றேன். நம்பாமல், கிள்ளான்ல எங்க என்றார். தெருப் பெயர் சொன்னேன். அது இப்ப இருக்கா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் கைபேசி அதிர்ந்தது. அக்காவிடமிருந்து ஒரு வீடியோ. திறந்து பார்த்தேன். மேடையில் நான். இந்தக் குற்றவாளி மிகவும் பெரியவர், மிகவும் சுத்தமானவர்.

யாரோ ஒரு செவிலியர் எங்கோ அனுப்ப, அது கை மாறிக் கை மாறி, அக்காவின் வேனில் பிள்ளையை அனுப்பும் மாலதி என்ற தாய்க்கு வந்திருக்கிறது. மாலதியும் செவிலியர். அக்காவின் வேனில் கண்ணாடிக்கு மேலே என் படம் ஒட்டியிருக்குமாம், எனக்குத் தெரியாது. இது உங்க தங்கச்சி மாதிரி இருக்கு என்று அவள் அக்காவுக்கு அனுப்பிவிட்டாள்.

வீடியோவுக்குக் கீழே அக்கா ஒன்றும் எழுதவில்லை. பழைய வீடியோ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பின்னால் தொங்கிய பதாகையில் கொட்டை எழுத்தில் தேதி இருந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தது. எந்த ஹோட்டல்?

பெயரை அனுப்பினேன்.

நாலு மணிக்குக் கீழ நில்லு.

நான்கு மணி வெயிலில், ஹோட்டல் வாசலில், கறுப்புக் கார்களுக்கு நடுவே மஞ்சள் வேன் ஒன்று வந்து நின்றது. காவலாளி ஓடிப்போய், பொருள் இறக்குவது பின்பக்கம் என்றார். அக்கா கையில் வெயிலுக்குப் போடும் உறையோடு இறங்கினாள். என்னைவிடக் குள்ளமாகியிருந்தாள். பொருள் இல்ல பாஸ், தங்கச்சிய ஏத்த வந்தேன் என்றாள் அவரிடம். கிரெக்கிடம் மட்டும் கைகுலுக்கி, ஆங்கிலத்தில், நீங்களும் வாங்க, நல்ல சாப்பாடு என்றாள். மறுப்பதற்கு அவருக்கு இடமே கொடுக்கவில்லை. ஆறடி மனிதர் பிள்ளைகளின் இருக்கையில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். நான் முன்னால் அக்கா பக்கத்தில்.

நெடுஞ்சாலை நெரிசலில் வேன் ஊர்ந்தது. பத்து நிமிடம் கழித்து அக்கா கண்ணாடி வழியே கிரெக்கைப் பார்த்து, ஆங்கிலத்தில், ஆலனைத் தெரியுமா, எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். நான் திரும்பி கிரெக்கைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர் அவர். நான்கு நாளாக என்னோடு சுற்றியும் கற்றுக்கொள்ளவில்லை. ஆலன் இன்வர்னஸுக்குப் போன பிறகு பார்க்கவில்லை, அங்கே நன்றாக இருப்பதாகத்தான் கேள்வி என்றார்.

அக்கா சாலையைப் பார்த்தபடியே தமிழில் கேட்டாள்.

“இன்வர்னஸ் எங்க இருக்கு?”

“வடக்க. மூணு மணி நேரம்.”

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷம் ஆச்சு அக்கா.”

முன்னால் ஒரு லோரி நகர்ந்தது. அக்கா நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“அப்ப தோட்டத்துல யாரு?”

“தோட்டமே இல்ல. மாடி வீடு. ஒரு ரூம்தான்.”

அவள் கியர் போட்டாள். கிள்ளான் நெருங்கும்போது கிரெக் பின்னாலிருந்து, ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று ஒருமுறை மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

7

வீட்டில் மீன் கறி. அக்கா கிரெக்கின் தட்டிலேயே எல்லாவற்றையும் வைத்தாள். கறி, பொரியல், வறுத்த இறால், மறுபடி கறி. அவர் வியர்த்துக் கொட்ட, நல்லா இருக்கு பாஸ் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். எனக்கு நானே போட்டுக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும், தங்கையும் அக்காவும் பேச வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கொமுட்டர் ரயிலில் நானே போய்க்கொள்கிறேன், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று தெரியும் என்றார். எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் அக்காவிடம் விடைபெறும்போது அவரும் ஒரு ‘லா’ போட்டார். சரியான இடத்தில் விழுந்தது.

பாத்திரம் கழுவும்போதுதான் அக்கா பேசினாள். ஆலன் அடித்தானா, வேறு யாராவது உண்டா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். அனாவுக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். அனா சின்ன வயதில் ‘பெரியம்மா’ என்பதை ஒரு ஆங்கிலப் பெயர் என்று நினைத்து, ‘பெர்ரி எம்மா’ என்றே கூப்பிட்டு வந்தாள். அவள் கைபேசியில் இன்றும் அந்தப் பெயரில்தான் அக்கா இருக்கிறாள். அதைச் சொன்னால் அக்கா எப்போதும் சிரிப்பாள். சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

“போன வருஷம் உங்க கல்யாண வெள்ளி விழாவுக்கு மாதா கோயில்ல பூசை வச்சேனே. பங்கு அறிவிப்புத் தாளுல உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டாங்க. அத உனக்கு அனுப்பினேன்.”

“ஆமா.”

“நீ என்னா அனுப்பின?”

கும்பிடும் கைகள் இரண்டு அனுப்பியிருந்தேன். சின்ன மஞ்சள் கைகள். அதைச் சொன்னேன்.

“அன்னிக்கு என்னா செஞ்சுக்கிட்டு இருந்த?”

“வேல முடிஞ்சு வந்து சூப் சூடு பண்ணிக் குடிச்சேன். தூங்கிட்டேன்.”

அவள் குழாயை மூடினாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சாமியார்கிட்ட சொல்லி, எதுக்காகப் பூசைங்கற கருத்த மாத்தியிருப்பேன். உனக்குன்னு வச்சிருக்கலாம். ஒரு நல்ல பூச வீணாப் போச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாத அளவுக்கு இரண்டும் ஒன்றாக. நீ அப்பாகிட்ட வாக்குக் கொடுத்தாயே, அதை நான் காப்பாற்றவில்லையே, அந்த முகத்தோடு உன்னிடம் எப்படி வருவேன் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். தமிழிலும் எனக்குச் சரளம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீ நல்லா இருப்பன்னுதான் சொன்னேன். அவன்கூடவே இருப்பன்னா சொன்னேன்? அப்பா போயி ஒம்பது வருஷம் ஆச்சு. யாருக்குப் பயந்த நீ?”

அக்கா எழுந்து போய் ஒரு தலையணையையும் போர்வையையும் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். காலை ஐந்தரைக்கு எழுந்திரிக்கணும், என்கூட வேன்ல வா, ஹோட்டலுக்கு அப்புறம் கொண்டுவிடறேன் என்றாள். கோபம் போய்விட்டதா இல்லையா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. முழுக்கப் போகவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

8

வியாழக்கிழமை காலை, வெளிச்சம் வருவதற்கு முன்பே கிளம்பினோம். வரிசை வீடுகள், ஒவ்வொரு கேட்டிலும் ஒரு தாய், ஒரு பிள்ளை, பிள்ளையைவிடப் பெரிய பை. பக்கக் கதவைத் திறந்து மூடுவது என் வேலை என்று அக்கா சொல்லிவிட்டாள். மாநகரத்தின் கூரைக் குளத்தில் மூன்று நாள் மிதந்த ஆள் கதவு இழுத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் அந்தப் பயணத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராமல் செய்ய வந்த வேலை. அதையும் சரியாகச் செய்யவில்லை.

மூன்றாவது வீடு மாலதியுடையது. வேலைக்குக் கிளம்பத் தயாராகச் சீருடையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீடியோ நினைவு வந்திருக்க வேண்டும். அக்காவிடம் குனிந்து, இவங்கதானா என்று கேட்டாள். ஆமா என்றாள் அக்கா.

“மாப்ளயும் வந்திருக்காரா அக்கா?”

என் கை கதவிலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடமாக எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பயந்த கேள்வி. டண்டீயில் நல்ல சுவரைப் பார்த்துக் கைபேசியைச் சாய்த்து வைத்து, குரலைச் சரிசெய்து, பதிலை ஒத்திகை பார்த்துக் காத்த கேள்வி. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

“மாப்ள இல்ல லா இப்ப. இவ மட்டும்தான்.”

மாலதி என்னை ஒரு நொடி பார்த்தாள். ஓ என்றாள். பிறகு ஏறிக்கொண்டிருந்த தன் மகளிடம் தண்ணீர் பாட்டில் எடுத்தாயா என்று கேட்டாள். எடுக்கவில்லை. உள்ளே ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள். என்னிடம், சாப்ட்டீங்களா அக்கா என்றாள். இல்லை என்றேன். நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, ட்யூட்டிக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அடுத்த வீட்டிலும் இதே கேள்வி வந்தது. அக்கா அதே பதிலைச் சொன்னாள். அதற்கடுத்த வீட்டில் ஒரு ஆன்டி பேரப்பிள்ளையை ஏற்ற வந்து, தங்கச்சியா, எங்க இருக்கீங்க, குடும்பம் எல்லாம் எப்படி என்று விசாரித்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

“ஸ்காட்லாந்துல ஆன்டி. தனியாத்தான் இருக்கேன். மக பெரிய படிப்புப் படிக்கறா.”

அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். ஜூன் மாதம் பள்ளி விடுமுறையில் டண்டீக்கு வருகிறேன், ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னது பிறகு, எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பும் வழியில். அப்போது சொன்னது வேறு.

“கதவு சரியாச் சாத்தல. இன்னும் பலமா இழு.”

இழுத்தேன்.